கொப்பரை ஈரமானிக்கு அரசு மானியம்: எதற்கு முதலில் விண்ணப்பிப்பது?

#1 ஈயப்பற்று

வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் முதல் பதிவு. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை பீளமேட்டில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையின் மாடியில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம்: நான், கல்லூரித் தோழி ஒருத்தி, மென்பொருள் எழுதும் ஒரு தம்பி. கொப்பரையின் ஈரப்பதத்தைக் களத்திலேயே அளந்து சொல்லும் கருவியைச் செய்துகொண்டிருக்கிறோம். அரசு ஆதரவு விலைக் கொள்முதலில் அரவைக் கொப்பரையின் ஈரம் 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. என் பெரியப்பா ஒருமுறை வண்டி வாடகை கொடுத்து ஏற்றிப்போன மூட்டைகள் ஈரம் அதிகம் என்று திரும்பி வந்தன. வீட்டில் கிளம்பும்போது அவருக்கு அது தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் வெயிலில் போட்டிருப்பார். அங்கே தொடங்கியது இது.

கொள்கை எளிது. இரண்டு தகடுகளுக்கு நடுவே கொப்பரையைக் கொட்டி மின்தேக்குதிறனை (எவ்வளவு மின்னூட்டம் தேங்கும் என்பதை) அளக்கிறோம். அந்தத் திறனைக் கூட்டும் மின்கடவா மாறிலி தண்ணீருக்கு 80-ஐ ஒட்டி, எண்ணெய்க்கு 3-ஐ ஒட்டி. ஆகவே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் எண்ணில் நன்றாகத் தெரியவேண்டும். நெல்லுக்கு இது நடக்கிறது. கொப்பரை நெல் மாதிரி அடங்கி விழாது. ஒரு கப்பு (அரைமூடி) கவிழ்ந்து கிடக்கும், இன்னொன்று மல்லாந்து கிடக்கும், நடுவில் காற்று. ஒரே கொப்பரையை மூன்று தடவை கொட்டினால் 5.1, 7.8, 6.4 என்று மூன்று எண் வருகிறது.

கையில் இருப்பது 1,80,000 ரூபாய். தமிழ்நாடு அரசின் புத்தொழில் ஆதார நிதியான டான்சீட்டில் பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்கு 15 லட்சம் கிடைக்கும், ஆனால் நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கு கொடுக்கவேண்டும். மத்திய அரசின் நிதி-பிரயாஸ் 10 லட்சம் வரை தருகிறது, மாதிரிக்கருவி செய்வதற்கு மட்டும். வேளாண் தொழில்முனைவோருக்கான திட்டத்தில் யோசனை நிலைக்கு 5 லட்சம், விதை நிலைக்கு 25 லட்சம். தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்கக் கூப்பன் 2 லட்சம், அடுத்தது 5 லட்சம். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. எதற்கு முதலில் போடுவது?

#2 நச்சரிப்பு

எதற்கும் போடவேண்டாம். ஒரு விண்ணப்பம் எழுத மூன்று வாரம், நேர்காணலுக்குக் காத்திருக்க நான்கு மாதம், பணம் வர இன்னும் மூன்று மாதம். அந்த எட்டு மாதத்தில் பத்துக் கருவி செய்து பத்துக் களத்துக்கு விற்றிருக்கலாம். அரசுப் பணத்தில் வளர்ந்தவன் அரசுப் படிவத்துக்கு ஏற்றபடிதான் யோசிப்பான். நான் கண்கூடாகப் பார்த்தவன்.

#3 வரவுசெலவு

தணிக்கை என் தொழில். ஏழெட்டுச் சிறு நிறுவனங்களின் மானியக் கணக்கைப் பார்க்கிறேன். நச்சரிப்பு சார் சொல்வதில் காலக்கணக்கு சரி, முடிவு சரியில்லை. மூன்று தடவை கொட்டினால் மூன்று எண் காட்டும் கருவியைப் பத்துக் களத்துக்கு விற்றால் பத்துக் களத்திலிருந்தும் திரும்பி வரும்.

ஈயப்பற்று அம்மா, நீங்கள் எது முதலில் என்று கேட்டது நல்ல கேள்வி. பலர் அதைக் கேட்பதே இல்லை. 2023-இல் என்னிடம் வந்த ஒரு நிறுவனம் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதிக்குப் போட நினைத்தது. அத்திட்டத்தில் ஒரு விதி: வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி பெற்றிருக்கக்கூடாது. பரிசுத்தொகை அதில் சேராது. நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுக்குள் இருக்கவும் வேண்டும். இவர்கள் வரிசை தெரியாமல் முன்பே இரண்டு இடத்தில் வாங்கியிருந்தார்கள். 20 லட்சம் வரை மானியமாகக் கிடைத்திருக்கக்கூடிய கதவு மூடிக்கொண்டது. ஆகவே ஒவ்வொரு திட்டத்தின் தகுதி விதியையும் மற்றத் திட்டங்களோடு வைத்துப் படியுங்கள். தனியாகப் படித்தால் எல்லாமே இனிப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து, விளம்பரத்தில் வராத வேலை. மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ், 2017 பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில். கூடவே செலவு அறிக்கை, பட்டயக் கணக்காளர் கையெழுத்துடன். அந்தக் கணக்கில் வட்டி விழுந்தால் அது உங்களுடையது இல்லை, அரசுக்குத் திருப்பிக் கட்டவேண்டும். ஒரு நிறுவனம் 1,347 ரூபாய் வட்டியைத் திருப்பிக் கட்டுவதற்கு எந்தக் கணக்குத் தலைப்பில் கட்டுவது என்று கேட்டு ஐந்து கடிதம் எழுதியது. பதில் வரும்வரை அடுத்த தவணை வரவில்லை. ஊழியர் சம்பளத்தை நிறுவனர் தன் கைக்காசில் கொடுத்தார். பெரும்பாலான இடங்களில் கடைசித் தவணை, நீங்கள் செலவழித்துக் கணக்குக் காட்டிய பிறகுதான் வரும். 10 லட்சம் மானியம் என்றால் இரண்டு லட்சம் கைக்காசு சுழற்சிக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன வேளாண் திட்டத்தில் இன்னொன்று: யோசனை நிலையில் 90 சதவீதம்தான் மானியம், விதை நிலையில் 85. மீதி உங்கள் பங்கு.

#4 ஓஹையோவில் ஒருவன்

இங்கே 14 பேர் உள்ள ஓர் உணரி நிறுவனத்தில் வேலை. எங்கள் சம்பளத்தில் பாதி அமெரிக்க அரசின் சிறுதொழில் ஆய்வுத் திட்டத்திலிருந்து வருகிறது. எஸ்பிஐஆர் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஊரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் தொகையைத்தான் பார்க்கிறார்கள்: முதல் கட்டத்துக்குச் சுமார் 3 லட்சம் டாலர், இரண்டாம் கட்டத்துக்குச் சுமார் 20 லட்சம் டாலர். என்னைக் கேட்டால் கவனிக்கவேண்டியது வேறு.

1977-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி இதைச் சிறு அளவில் தொடங்கினார். 1982-இல் ரீகன் கையெழுத்திட்டுச் சட்டமாயிற்று. இதற்கென்று அரசு தனி நிதி எதையும் உருவாக்கவில்லை. தனக்கு வெளியே நடக்கும் ஆய்வுக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவிடும் ஒவ்வொரு துறையும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கவேண்டும் என்றது சட்டம். இப்போது அந்தப் பங்கு 3.2 சதவீதம். 11 துறைகள் இதில் இருக்கின்றன. வேளாண்மைத் துறை, பாதுகாப்புத் துறை, எரிசக்தித் துறை எல்லாம் தங்களுக்கு வேண்டிய பொருளுக்குத்தான் தலைப்புக் கொடுக்கின்றன. முதல் கட்டம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை: இது நடக்குமா என்று பார். இரண்டாம் கட்டம், இரண்டு ஆண்டு: செய்து காட்டு. மூன்றாம் கட்டத்துக்கு இத்திட்டத்திலிருந்து பணமே கிடையாது. ஆனால் முந்தைய கட்டங்களில் தேறியவரிடம் மறுபடி போட்டி வைக்காமல் அரசுத் துறை நேரடியாக வாங்கலாம். அதுதான் உயிர்நாடி. அரசு பங்கும் கேட்பதில்லை.

இன்னொரு வேறுபாடு படிவத்தில். அறிவியல் அறக்கட்டளைக்கு முதலில் மூன்று பக்கத்துக்குள் ஒரு முன்வரைவு அனுப்பவேண்டும். அதில் ‘இது எங்கே தோற்கக்கூடும்’ என்பதை விளக்கச் சொல்கிறார்கள். தொழில்நுட்ப ஆபத்து இல்லாத வேலைக்கு அவர்கள் பணம் தருவதில்லை. ‘நிச்சயம் வெற்றி’ என்று எழுதிய எங்கள் முதல் முன்வரைவைத் திருப்பி அனுப்பினார்கள்.

#5 நச்சரிப்பு

அமெரிக்காவைப் புகழ ஒருவர் வந்துவிட்டார். அங்கே இதையே தொழிலாக வைத்து, ஒன்றையும் விற்காமல் மானியத்தின் மேல் மானியமாக வாங்கி ஓட்டும் நிறுவனங்கள் உண்டா இல்லையா? அவற்றுக்கு ‘ஆலைகள்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அத்திட்டத்துக்கான சட்ட அனுமதிகூட 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதியாகிப் புதிய அழைப்புகள் நின்றதாகப் படித்தேன்.

#6 ஓஹையோவில் ஒருவன்

இரண்டும் உண்மை. காலாவதியான அந்த மாதம் எங்கள் அலுவலகத்தில் காபி இயந்திரத்தின் வாடகையைக்கூட ரத்து செய்தார்கள். ஆலைகளும் இருக்கின்றன. ஒரே நிறுவனம் எத்தனை தடவை வாங்கலாம் என்பது அந்தச் சட்டம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் வரும் சண்டை.

ஆனால் இதைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. சப்ரினா ஹவல் என்ற பொருளாதார ஆய்வாளர் 2017-இல் வெளியிட்டது. எரிசக்தித் துறையில் விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்திய பழைய பட்டியல்களை எடுத்துக்கொண்டார். வெட்டுக்கோட்டுக்கு மேலே நூலிழையில் தேறியவர்களையும் நூலிழையில் தவறியவர்களையும் ஒப்பிட்டார். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே தரம், ஒருவருக்குப் பணம் கிடைத்தது, மற்றவருக்கு இல்லை. முதல் கட்ட மானியம் பெற்றவர்களுக்குப் பிறகு தனியார் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதத்திலிருந்து 19-க்கு ஏறியிருந்தது. பெரிய தொகையான இரண்டாம் கட்டத்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அரசு முத்திரை கிடைத்ததால் முதலீட்டாளர் வந்தாரா என்றும் பார்த்தார். அப்படியில்லை, அந்தச் சிறு பணத்தில் மாதிரிக்கருவி செய்து ஐயத்தைத் தீர்க்க முடிந்ததுதான் காரணம் என்பது அவருடைய முடிவு.

ஆகவே நச்சரிப்பு அவர்களே, சிறு தொகை, ஆரம்பத்தில், ஒரே ஒரு ஐயத்துக்கு. அது வேலை செய்கிறது.

#7 மருந்துப்பெட்டி

நம் ஊரிலும் இதன் தழுவல் பழையதுதான். உயிர்த்தொழில்நுட்பத் துறை 2005-இலேயே எஸ்பிஐஆர்ஐ என்று ஒன்றைத் தொடங்கியது. பெயரைப் பாருங்கள், ஓர் எழுத்துதான் கூடுதல். 2012-இல் அத்துறையே உயிர்த்தொழில்நுட்பப் புத்தொழில்களுக்கு உதவும் பைராக் நிறுவனத்தை உருவாக்கியது. அதன் ‘பிக்’ மானியத்தில் 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை. ஆண்டுக்கு இரண்டு அழைப்பு, ஜனவரி 1, ஜூலை 1. நிறுவனம் இல்லாத தனி ஆள்கூடப் போடலாம்.

நான் வாங்கியிருக்கிறேன். பச்சிளம் குழந்தைக்கான ஒரு கருவி. எங்கள் கதை வெற்றிக்கதை இல்லை. ஒன்பதாவது மாதத்தில், நாங்கள் நம்பிய உணரி குழந்தையின் தோலில் வியர்வை பட்டால் பிறழ்கிறது என்று தெரிந்தது. இடைக்கால மதிப்பீட்டுக்குப் போகும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வரைபடத்தை அப்படியே காட்டினேன். குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் சொன்னார்: ‘இதற்காகத்தானே பணம் கொடுத்தோம்?’ வேறு உணரிக்கு மாற அனுமதி கொடுத்தார்கள். கெடுபிடி அங்கே வரவில்லை, கணக்கில் வந்தது. வாங்குவதாக எழுதியிருந்த பொருளின் பெயரும் வாங்கிய பொருளின் பெயரும் ஒன்றாக இல்லை என்று இடைநிலை அமைப்பு ஒன்று கடைசித் தவணையை ஏழு மாதம் நிறுத்தியது. நிபுணர் ஒப்புக்கொண்ட மாற்றத்தைக் கணக்கர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் அன்றைக்கே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓஹையோ நண்பர் சொன்ன மூன்றாம் கட்டம்தான் நமக்கு இல்லை. இருக்கும் ஒரே இடம் பாதுகாப்புத் துறையின் புத்தாக்கத் திட்டமான ஐடெக்ஸ். 2018 ஏப்ரலில் நம் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியில்தான் பிரதமர் தொடங்கிவைத்தார். கடற்படை, விமானப்படை ‘எனக்கு இது வேண்டும்’ என்று தலைப்புக் கொடுக்கும், அடிப்படைப் பிரிவில் 1.5 கோடி வரை மானியம், தேறினால் வாங்குவதற்கு வழியும் உண்டு. மருத்துவமனைக்கோ விவசாயிக்கோ அப்படி ஒரு வாங்குபவர் அரசில் இல்லை. மத்திய அரசு ஒப்பந்தங்களில் முன்வைப்புத் தொகை, முன் அனுபவம் போன்றவற்றில் புத்தொழில்களுக்குத் தளர்வு இருக்கிறது. தளர்வு என்பது கதவைத் திறந்துவைப்பது மாத்திரம்தான். யாரும் வாங்கப் பணிக்கப்படுவதில்லை.

#8 ஈயப்பற்று

வரவுசெலவு சார், வட்டிக் கதையைப் படித்துவிட்டு மூவரும் சிரித்தோம், பிறகு அமைதியாகிவிட்டோம். தனிக் கணக்கு தொடங்கும் படிவம் வாங்கி வந்திருக்கிறேன்.

மருந்துப்பெட்டி அவர்களுக்கு: எங்களுக்கு வாங்குபவர் விவசாயிதான் என்று நினைத்திருந்தோம். 6,000 ரூபாய்க்குக் கொடுத்தால் வாங்குவார் என்பது எங்கள் கணக்கு.

#9 களத்துமேடு

அம்மணி, நான் காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். பொறியியல் தெரியாது. தொழில்நுட்ப இழையில் நமக்கென்ன வேலை என்று இருந்தேன், இந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

விவசாயி வாங்கமாட்டார். வருடத்துக்கு நான்கைந்து தடவை விற்பவர் எதற்கு 6,000 ரூபாய் கொடுப்பார்? உங்கள் பெரியப்பா வாங்குவாரா என்று கேட்டுப் பாருங்கள், நீங்கள் தம்பி மகள் என்பதை மறந்துவிட்டு.

வியாபாரியும் வாங்கமாட்டார். ஏன் என்று சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளவேண்டாம். ஈரத்தை இப்போது எப்படிப் பார்க்கிறோம்? மூட்டைக்குள் கையை முழங்கைவரை விட்டு, நடுவிலிருந்து ஒரு கப்பை எடுப்போம். மேல் மூட்டை எப்போதும் காய்ந்துதான் இருக்கும், அதைத் தொடுவதே இல்லை. இரண்டு கையாலும் ஒடிப்போம். காய்ந்தது ‘படக்’ என்று உடையும், உடைந்த இடம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஈரம் உள்ளது ரப்பர் மாதிரி வளைந்து, நார்நாராகப் பிரிந்து, சத்தமில்லாமல் கிழியும். பிறகு உடைந்த இடத்தை நகத்தால் கீறுவோம். எண்ணெய் மினுங்கினால் சரி, வெள்ளையாகப் பால் கசிந்தால் இன்னும் இரண்டு வெயில் பாக்கி. வெளித்தோல் காய்ந்து பழுப்பாகி உள்ளே வெள்ளை நிற்கும் கப்பு ஒன்று உண்டு. முதல் நாளே கடும் வெயிலில் போட்டால் அப்படி ஆகும். மேலே தோல் இறுகி உள்ளீரம் வெளியே வராது. இதில்தான் எல்லாரும் ஏமாறுவது. உங்கள் கருவியும் ஏமாறும் என்று பந்தயம் கட்டுவேன்.

ஆக, 7 சதவீதமா 8 சதவீதமா என்பது எங்கள் கைக்கும் கண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். அந்தத் தெரியாமையில்தான் பேரம் நடக்கிறது. கருவி வந்து எண்ணைச் சொல்லிவிட்டால் பேரத்தில் பாதி போய்விடும். அதை நானே காசு கொடுத்து வாங்குவேனா?

வாங்கவேண்டியவர் எண்ணெய் ஆலைக்காரர். 10 டன் லோடு 6 சதவீதம் என்று பேசி 8 சதவீதத்தில் வந்தால் அவர் எவ்வளவு தண்ணீரைக் கொப்பரை விலைக்கு வாங்குகிறார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். தண்ணீராவது பிழியும்போது போய்விடும். ஈரக் கொப்பரை கிடங்கில் கிடந்தால் பூசணம் பிடிக்கும், எண்ணெயில் காறல் ஏறும், புண்ணாக்கில் நச்சு இருக்கிறது என்று தீவனக்காரர் திருப்பி அனுப்புவார். அவரிடம் போங்கள். சின்ன ஆலைக்கு வேண்டாம், நாளைக்கு ஏழெட்டு லோடு இறக்கும் ஆலைக்குப் போங்கள்.

#10 வரவுசெலவு

கணக்கு நான் போடுகிறேன், பழக்கதோஷம். 10,000 கிலோவில் 8 சதவீதம் ஈரம் என்றால் உலர்பொருள் 9,200 கிலோ. அதே உலர்பொருள் 6 சதவீத ஈரத்தோடு 9,787 கிலோதான் இருக்கும். வித்தியாசம் 213 கிலோ. லோடுக்கு 213 கிலோ தண்ணீர். ஒரு வாரத்தில் கருவியின் விலை போல எத்தனை மடங்கு என்று ஆலைக்காரர் கையாலேயே எழுதிப் பார்ப்பார்.

#11 நச்சரிப்பு

களத்துமேடு அண்ணா சொன்னதைத்தான் நான் இரண்டாம் பதிவில் சொன்னேன். முதலில் வாடிக்கையாளரைப் பாருங்கள் என்று.

#12 மருந்துப்பெட்டி

நீங்கள் சொன்னது எதற்கும் போடவேண்டாம் என்று. மேலே போய்ப் படியுங்கள்.

#13 இழை மேற்பார்வை

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ‘எந்த அதிகாரிக்கு எவ்வளவு’ என்ற பேச்சு இங்கே வேண்டாம். பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட ஆதாரம் இருந்தால் அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

#14 ஈயப்பற்று

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

களத்துமேடு அண்ணா, பந்தயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். நீங்கள் சொன்ன தோல் இறுகிய கப்புகளைத் தேடிப்பிடித்துப் பன்னிரண்டு எடுத்தோம். எங்கள் கருவி 5.6 சராசரி காட்டியது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 105 டிகிரி அடுப்பில் வைத்து எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தினால் 8.3. அன்று மாலை மூவரும் டீக்கடையில் ஒருவரோடொருவர் பேசவில்லை.

பெரியப்பாவிடமும் கேட்டேன். ‘நீ சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்’ என்றார்.

பிறகு ஓர் ஆலைக்குப் போனோம். அங்கே ஆய்வுக்கூடத்து அம்மா ஒருவர் கப்பைத் துருவியில் தேய்த்து, தூளை எடுத்து அடுப்பில் வைப்பதைப் பார்த்தோம். எங்கள் மூளையில் அப்போதுதான் விளக்கு எரிந்தது. கப்பைக் கப்பாக ஏன் அளக்கவேண்டும்? வீட்டுத் தேங்காய்த் துருவியால் 50 கிராம் சீவி, ஸ்பிரிங் வைத்த ஒரு கிண்ணத்தில் அழுத்தி அளந்தோம். காற்று இல்லை, உள்ளும் புறமும் கலந்துவிடுகிறது. ஒரே கொப்பரை, மூன்று தடவை: 6.2, 6.4, 6.3. தம்பி பட்டறைக்கே கேட்கும்படி கத்தினான். கீழே ரீவைண்டிங் அண்ணன் மின்சாரம் தாக்கிவிட்டதோ என்று ஓடி வந்தார்.

ஆனால் ஒரு சிக்கல். சீவும்போது சூடாகிறது. சூட்டில் கொஞ்சம் ஈரம் பறக்கிறது, கொஞ்சம் எண்ணெய் கசிந்து கிண்ணத்தில் படிகிறது. மெதுவாகச் சீவினால் ஓர் எண், மோட்டார் வைத்து வேகமாகச் சீவினால் அரை சதவீதம் குறைவாக ஓர் எண். 6-க்கும் 6.5-க்கும் நடுவில்தான் சண்டையே என்பதால் அரை சதவீதம் விளையாட்டில்லை. எந்தப் பற்கள், எந்த வேகம், எத்தனை நொடி என்பதுதான் இப்போது எங்களுக்குத் தெரியாத ஒன்று. அதைக் கண்டுபிடிக்க ஒழுங்கான அடுப்பு, நுண்தராசு, நான்கைந்து விதமான பற்கள், இருநூறு மாதிரிகள் வேண்டும். 25 லட்சமெல்லாம் வேண்டாம்.

ஆகவே முடிவு: நிதி-பிரயாஸ் மட்டும். முதல் வரைவில் ‘இந்தியத் தென்னை விவசாயிகளின் வாழ்வில் புரட்சி’ என்று தோழி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘சீவுவதால் ஏற்படும் ஈர இழப்பை 0.2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்த முடியுமா?’ என்று எழுதினோம். தோற்றால் என்ன தெரியவரும் என்று ஒரு பத்தியும் சேர்த்தோம். டான்சீட் அடுத்த வருடம், ஆலையில் கருவி நிலையாக ஓடத் தொடங்கிய பிறகு. அப்போது 3 சதவீதத்துக்கு மதிப்பு இருக்கும்.

#15 ஓஹையோவில் ஒருவன்

அந்த ஒரு வரிக்கே எங்கள் ஊரில் அடுத்த கட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். இங்கே கிடைக்கும் ஒரு வசதி உங்களுக்கு இல்லை என்பதால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் மூவரின் சம்பளம் விண்ணப்பத்தின் செலவுத் திட்டத்தில் இருக்கிறதா? இங்கே சம்பளம், மேல்செலவு எல்லாம் போட்டு, அதற்கு மேல் 7 சதவீதம் வரை லாபமும் சேர்த்துக் கேட்க அறிவியல் அறக்கட்டளை அனுமதிக்கிறது. ஆய்வு செய்கிறவன் சாப்பிடவேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறார்கள்.

#16 ஈயப்பற்று

இல்லை. தோழி மாலையில் டியூஷன் எடுக்கிறாள். நான் பட்டறைக்கு வரும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேரியபிள் டிரைவ் பலகைகளைப் பழுது பார்த்துக் கொடுக்கிறேன், பலகைக்கு 800 ரூபாய். தம்பிக்கு வீட்டில் சாப்பாடு.

#17 நச்சரிப்பு

இதைத்தான் நான் பார்த்தேன் என்று சொன்னேன். இயந்திரத்துக்குக் காசு உண்டு, ஆளுக்கு இல்லை. நான் 2011-இல் ஒரு மானியத்தில் ஒன்பது லட்சத்துக்கு ஆய்வுக்கருவி வாங்கினேன், அதை இயக்கத் தெரிந்த பையனுக்கு மாதம் 12,000 கொடுக்க வழியில்லாமல் அவன் போய்விட்டான். கருவி இன்னும் துணி போர்த்தி நிற்கிறது. அந்த எரிச்சலில்தான் முதல் பதிவை எழுதினேன். அம்மணி, நீங்கள் போடுங்கள். ஆனால் பலகை பழுது பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

#18 வரவுசெலவு

ஒரு விஷயம் எல்லாரும் மறந்துவிட்டோம். வியாபாரத்தில் விலையை முடிவுசெய்ய ஓர் அளவுக்கருவியைப் பயன்படுத்தினால் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் உள்ளே வரும். மாதிரி ஒப்புதல், முத்திரை என்றெல்லாம் கேட்கக்கூடும். நம் மாநிலத்தில் அது தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது, பலருக்கு இதுவே தெரியாது. ஆலை தன் உள் ஆய்வுக்கு வைத்துக்கொள்வது வேறு, அந்த எண்ணைக் காட்டி விவசாயிக்குப் பணம் குறைப்பது வேறு. விண்ணப்பத்தில் எந்தப் பயன்பாடு என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். ஒப்புதலுக்கான செலவைக் கடைசி மூன்று மாதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

#19 ஈயப்பற்று

சேர்த்துவிட்டேன் சார், 60,000 ரூபாய். அதற்காக ஒரு துருவிப் பல்லைக் குறைக்கவேண்டியதாயிற்று.

நேற்று இரவு 11:40-க்கு விண்ணப்பம் போய்விட்டது. தொழில்நுட்பத் தயார்நிலை, அதாவது வெறும் யோசனையிலிருந்து முழுக் கருவிவரை எந்தப் படி, ஒன்று முதல் ஒன்பதுக்குள் எது என்ற கட்டத்தில் தம்பி 5 என்று போட்டிருந்தான். 3 என்று மாற்றினேன்.

இப்போது ஓர் உதவி. கல்லூரி அடுப்பு தேர்வுக் காலம் முடியும்வரை கிடைக்காது. நேர்காணலுக்குள் இன்னும் நாற்பது மாதிரியாவது உலர்த்திப் பார்க்கவேண்டும். பொள்ளாச்சி, காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் யாரிடமாவது 105 டிகிரி நிலையாக நிற்கும் அடுப்பு இருக்கிறதா? நான்கு நாள் போதும். மின்கட்டணம் கொடுத்துவிடுகிறோம்.

#20 களத்துமேடு

எனக்குத் தெரிந்த ஆலையில் ஒன்று இருக்கிறது. கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை அரைப்பு இல்லை, அன்று காலையில் வந்து வைத்தால் திங்கள்வரை யாரும் தொடமாட்டார்கள். கொப்பரை நான் தருகிறேன், தோல் இறுகியது ஒரு மூட்டை தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அங்கே நுண்தராசும் இருக்கிறது, ஆனால் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.